வலை வைக்கும் நேரம்

அனுப்பம்பட்டு

சிரஞ்சீவி தம்பி மகனுக்குப் பெரியப்பாவின் அநேக ஆசீர்வாதம்.

பிள்ளைகள் இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்தி, நீயும் மருமகளும் தேசதேசாந்தரம் சஞ்சரித்துக்கொண்டே அவர்களுக்குப் பாடம் சொல்லப்போவதாக எழுதியிருந்தாய். உன் தாயார் கலங்குகிறாள், நான் கலங்கவில்லை. 1873-ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயது நிரம்பாத ரவீந்திரநாத தாகூரைத் தந்தை தேவேந்திரநாதர் தம்முடன் இமயமலைக்கு அழைத்துச் சென்றபோது, அந்தப் பிள்ளைக்கு வாய்த்தது மலைக்காட்சி மாத்திரமன்று. விடியுமுன் எழுந்து சமஸ்கிருதம் நெட்டுருச் செய்ததும், இரவில் தந்தையருகே அமர்ந்து நக்ஷத்திரங்களை இனங்கண்டதும், தந்தையின் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பை ஏற்று, அதி உற்சாகத்தால் அதனைப் பழுதுபார்க்க அனுப்பும் நிலைக்குக் கொணர்ந்ததும் ஆகிய யாவும் அப்பிரயாணத்தின் பாடங்களே.

ஆனால் பிரயாணப் பாடத்துக்கும் ஒரு நியமம் வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் நம்மவர் பாடு முறைப்படி தொழில் செய்வதை நீ பால்யத்தில் பார்த்திருக்கிறாய். நீர் எவ்வளவு பரந்து கிடந்தாலும், இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை வைப்பது என்ற நியமம் அங்கே உண்டு. நீரோட்டம் வந்தபின் வலையைத் தேடுகிறவனுக்காக இறால் காத்திருப்பதில்லை. உலகமும் அப்படிப்பட்ட ஏரிதான். ஆகையால் எந்த ஊரில் தங்கினாலும், காலையில் இரண்டு மணி நேரம் கணக்குக்கும் வாசிப்புக்கும் என்று ஒதுக்கிவிடு. ரயிலைப் பிடிக்கும் அவசரத்திலும் அந்த நேரம் தவறக்கூடாது. எஞ்சிய பொழுதெல்லாம் சந்தையும் துறைமுகமும் கற்பிக்கட்டும். சில்லறை மாற்றும் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். ஓரிடத்தில் சில வாரமாவது தங்கு. பெற்றோர் முகத்தையே பார்த்து வளரும் குழந்தைக்குச் சண்டையிட்டுச் சமாதானமாகச் சகபாடி வேண்டும் அல்லவா?

லௌகிகமாகவும் ஒரு வார்த்தை. 2010 ஏப்ரல் முதல் அமலில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளை, பள்ளியில் சேராதிருந்தாலும், இடையில் நின்றிருந்தாலும், தன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்கப்பட வேண்டும். ஆகவே திரும்பி வரும் வழி அடைபடவில்லை. அந்த வயதுக்குப் பிறகும் அலைவதானால், 14 வயது நிறைந்த பிள்ளை தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் பத்தாம் வகுப்புக்குச் சமமான பரீட்சை எழுதலாம். மூத்தவனுக்கு இப்போதே 12 நடக்கிறது, இதை மறந்துவிடாதே.

கடைசியாக ஒன்று. பல பாஷைகள் காதில் விழும் இடத்தில் சொந்த பாஷை சத்தமின்றி நழுவிவிடும். வாரம் ஒரு கடிதம், பிள்ளைகள் தம் கைப்பட, தமிழில், பாட்டிக்கு எழுதட்டும். அவளுக்கு வாசித்துக் காட்டவும், பிழை திருத்தித் திருப்பி அனுப்பவும் நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
பெரியப்பா