புளியங்கொட்டையும் கொத்தவரை விதையும்

குழம்பு நீர்த்துவிட்டால் அரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குவது நம் வீட்டு வழக்கம். பொதட்டூர்ப்பேட்டை முதலிய ஊர்களின் நெசவாளர்கள், இழை அறாமல் இருக்கும்பொருட்டுப் பாவுக்குக் கஞ்சி ஊட்டுகின்றனர். இவ்விரு தேவைகளும் பெரிய தொழிற்சாலைகளுக்கும் உண்டு. ஐஸ்கிரீம், தக்காளிச் சாறு, துணி அச்சுக்கான சாயம், காகிதம், மருந்து மாத்திரை ஆகிய யாவற்றிலும் நீரைக் கெட்டிப்படுத்தும் பொருள் ஒன்று வேண்டியிருக்கிறது. அதன் பெரும்பகுதி தாவரங்களிலிருந்தே கிடைக்கிறது. கும்மிடிப்பூண்டி, காக்களூர் தொழிற்பேட்டைகளை அருகில் வைத்துக்கொண்டிருக்கும் திருவள்ளூர் மாவட்டத்து ஊராட்சிகள் இதனைப் பற்றி அறிந்திருத்தல் நன்று.

பசை என்பது யாது?

மரத்தின் பட்டையில் கீறல் விழுந்தால் பிசின் வடிகிறது. கருவேலம் பிசினை நாம் அனைவரும் அறிவோம். மற்றொரு வகைப் பசை விதையினுள் இருப்பது. முளைக்கும் இளங்கன்றுக்கு உணவாகும்பொருட்டுச் செடி அதனைச் சேர்த்து வைக்கிறது. சர்க்கரை அணுத்திரள்கள் நீண்ட சங்கிலியாகக் கோத்து அமைந்தவையே இப்பசைகள். நீரில் இட்டால் அச்சங்கிலிகள் விரிந்து நீரைப் பற்றிக்கொள்கின்றன, நீர் கெட்டிப்படுகிறது. கொத்தவரைப் பசை ஒரு பங்கைக் குளிர்ந்த நீர் நூறு பங்கில் கலக்கினால், கொதிக்க வைக்காமலே தேன்போல் தடிக்கும். அரிசிக் கஞ்சிக்கு இந்த ஆற்றல் இல்லை.

கடையில் வாங்கும் ஐஸ்கிரீம் உறையின் பின்புறத்தைப் பாருங்கள். சேர்க்கைப் பொருள்களின் வரிசையில் 412 என்ற எண் இருந்தால் அது கொத்தவரைப் பசை. 414 என்றால் வேல இனத்து மரப்பிசின். 437 என்பது புளியங்கொட்டைப் பசைக்கு உரிய எண்.

கொத்தவரை கற்பித்த பாடம்

உலகில் விளையும் கொத்தவரை விதையில் பெரும்பகுதி இந்தியாவில், அதிலும் இராஜஸ்தானத்து வறண்ட நிலங்களில், விளைகிறது. அமெரிக்காவில் பூமியின் ஆழத்துப் பாறையை நீரின் அழுத்தத்தால் பிளந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கின்றனர். பிளவுக்குள் மணலைச் சுமந்து செல்வதற்கு அந்த நீர் கெட்டியாக இருத்தல் வேண்டும். அதற்குக் கொத்தவரைப் பசையைக் கலக்கின்றனர். இத்தேவை திடீரெனப் பெருகியதால், 2012 மார்ச்சில் விதையின் விலை குவிண்டாலுக்கு 25,000 ரூபாயைக் கடந்தது. முன்பேர வணிகத்தை அரசாங்கமே நிறுத்தி வைக்க நேர்ந்தது. விலையைக் கேள்வியுற்ற தென்னாட்டு உழவர்களும் கொத்தவரையை விதைத்தனர். எண்ணெய்த் தொழிலில் மந்தம் ஏற்பட்டபோது விலை சரிந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் குவிண்டால் 4,000 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. உச்ச விலையை நம்பி இறங்கியவர்கள் நட்டமடைந்தனர்.

நம் மாவட்டத்திற்கு மற்றோர் இடையூறும் உண்டு. விதைக்காகப் பயிரிடும் கொத்தவரை, முற்றும் பருவத்தில் வறண்ட வெயிலை வேண்டுவது. அப்போது மழையில் நனைந்தால் விதை கறுத்துத் தரம் இழக்கும். வடகிழக்குப் பருவமழையில் முற்றும்படி விதைப்பது இங்கே பொருந்தாது. தை, மாசியில் விதைத்தால் இக்குறை நேராது. வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் பயிராதலால் நிலத்துக்கும் நன்மையே. எனினும், வாங்குபவரை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளாமல் விதைக்காக இதனைப் பயிரிடலாகாது. பிஞ்சுக் காயைச் சந்தைக்கு அனுப்பும் வழக்கமே சிறு உழவருக்கு ஏற்றது.

புளியங்கொட்டையின் பயன்

புதிதாக ஒன்றும் விதைக்காமலே கிடைக்கக்கூடிய பசைப்பொருள் புளியங்கொட்டை. ஏரிக்கரைகளிலும் பொது நிலங்களிலும் புளிய மரங்கள் நிற்கின்றன. புளியம்பழம் 100 கிலோவில் சதை ஏறத்தாழ 55 கிலோ. கொட்டை 34 கிலோ. எஞ்சியவை ஓடும் நாரும். கொட்டையின் மேல்தோலை நீக்கினால் சுமார் 23 கிலோ வெள்ளைப் பருப்பு கிடைக்கும். அப்பருப்பில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி பசையாகும்.

இரண்டாம் உலகப் போரின் ஆண்டுகளில் இந்தப் பசையை டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து அதன் பயனை எடுத்துக்காட்டினர். பின்னர்ச் சணல் ஆலைகளும் பருத்தி ஆலைகளும் நூலுக்குக் கஞ்சி ஊட்டப் புளியங்கொட்டை மாவைக் கையாண்டன. உணவுத் தானியத்தைக் கஞ்சிக்காகச் செலவிடாமல் மிச்சப்படுத்த இது உதவிற்று. ஜப்பானியர் 1960களிலிருந்து இதனைத் தூய்மை செய்து உணவிலும் சேர்த்து வருகின்றனர். உணவுச் சேர்க்கைகளை ஆராயும் பன்னாட்டு வல்லுநர் குழு 2017இல் இதனைப் பரிசீலித்து உணவுக்கு ஏற்றதென மதிப்பிட்டது.

மாவு ஆக்கும் முறை எளியது. கொட்டையைக் கழுவி உலர்த்தி, வறுத்து, மேல்தோலை உடைத்துப் புடைத்து நீக்கி, பருப்பை அரைத்தல் வேண்டும். தோலில் துவர்ப்புச் சத்து மிகுதி. அது சிறிது கலந்தாலும் மாவு சிவந்துவிடும், உணவுக்கு ஆகாது. கொத்தவரைப் பசையைப் போலன்றி, இம்மாவு கொதிக்கும் நீரில்தான் நன்கு பசையாகும்.

தூய்மையே விலை

2007ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற கொத்தவரைப் பசையில் பென்டாகுளோரோபீனால் என்ற நச்சு மருந்தும் டையாக்சினும் கலந்திருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு பல ஆண்டுகள் ஒவ்வொரு சரக்குடனும் சோதனைச் சான்று அனுப்ப வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் நேர்ந்த அசட்டையால் நாட்டின் சரக்கு முழுவதும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. தொழிற்சாலைக்குப் பொருள் தரும் ஒவ்வொருவரும் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

முதலாவது: புளி மகசூலை ஏலம் விடுமுன் மரங்களை எண்ணி விளைவை மதிப்பிட வேண்டும். ஏலம் எடுக்கும் வியாபாரி பழத்துடன் கொட்டையின் விலையையும் கணக்கில் கொள்கிறார். நாமோ பழத்தை மட்டும் எண்ணித் தொகையை நிர்ணயிக்கிறோம். அருகிலுள்ள மண்டிகளில் கொட்டையின் விலையைக் கேட்டறிந்து, குறைந்தபட்ச ஏலத் தொகையில் அதனையும் சேர்த்தல் வேண்டும்.

இரண்டாவது: புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலையைச் செய்வோர் பெரும்பாலும் பெண்களே. அவர்களது சுய உதவிக் குழுவே கொட்டையைச் சேகரித்துத் தரம் பிரித்து மொத்தமாக விற்குமானால், கூலிக்கு மேலும் ஒரு வருவாய் அவர்களுக்குக் கிட்டும்.

மூன்றாவது: கொட்டையைத் தார்ச் சாலையில் கொட்டி உலர்த்தலாகாது; களத்திலோ தார்ப்பாயிலோ உலர்த்துக. ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். வண்டு துளைத்த கொட்டையை எவரும் வாங்கார். ஆகவே நன்கு உலர்ந்தவற்றையே சாக்கில் கட்ட வேண்டும். சேமிப்பில் பூச்சி மருந்து தூவுதல் கூடாது.

நான்காவது: இயந்திரம் வாங்க அவசரப்பட வேண்டா. முதலில் மாதிரிச் சரக்கை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டைகளுக்கும் நெசவாளர் சங்கங்களுக்கும் சென்று, இத்தகைய பசை அவர்களுக்குத் தேவையா, எந்தத் தரத்தில், எவ்வளவு என்று விசாரிக்க வேண்டும். உணவுக்குரிய பசை செய்வதற்கு உரிமமும் ஆய்வுக்கூடமும் தேவை. அது கிராமத்தில் தொடங்கத்தக்கதன்று. சுத்தமான கொட்டையும் தோல் நீக்கிய பருப்பும் தருவதே நமக்கு இயன்ற முதற்படி.

மாசி, பங்குனியில் புளி உலுக்கும் காலம் வருகிறது. அதற்கு முன் கூடும் ஊராட்சிக் கூட்டத்தில் கொட்டையின் விலையையும் ஒரு பொருளாக வைத்து உறுப்பினர்கள் விவாதிப்பார்களாக.