ஈரக் கரிசல்ல சைக்கிள்: மூணு நாள் பிளான், நாலு நாள் பாடம்

ஸ்காட்லாந்து மலைகள்ல மழையில நனைஞ்சுக்கிட்டே நாலஞ்சு நாள் சைக்கிள் ஓட்டுற வீடியோ ஒண்ணு ஹாஸ்டல்ல சுத்திக்கிட்டு இருந்துச்சு. உடுப்பு, கூடாரம், சாப்பாடு எல்லாத்தையும் சைக்கிள்லயே கட்டிக்கிட்டு நாள் கணக்கா போறதுக்கு ‘பைக்பேக்கிங்’னு பேர். “நம்ம ஊர்லயும் மழை இருக்கு, சைக்கிள் இருக்கு, அப்புறம் என்ன?”ன்னு ஆரம்பிச்சது நான்தான். போன நவம்பர்ல நாலு பேர் கிளம்பினோம்.

நான் சிவில். மத்த மூணு பேரும் மெக், இசிஇ, சிஎஸ்இ. பேர் போடாதேன்னு சொல்லிட்டாங்க, அதனால டிபார்ட்மென்ட் பேர்லயே எழுதுறேன். போய் வந்த கதையோட அதுல இருந்த இன்ஜினியரிங்கையும் சேர்த்துச் சொல்றேன். அடுத்து போறவங்களுக்கு உதவும். நான் பண்ணின தப்பும் இதுல இருக்கு.

ரூட்டும் சாமானும்

சிஎஸ்இ வீடு கோவில்பட்டியில. அங்கிருந்துதான் தொடக்கம். முதல் நாள் கிழக்கே எட்டயபுரம் போய், பாரதியார் பிறந்த வீட்டைப் பார்த்துட்டுத் திரும்புறது. ரெண்டாம் நாள் தெற்கே இடைசெவல் வழியா கயத்தாறு. கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி ரெண்டு பேருக்கும் சொந்த ஊர் இடைசெவல்தான். கயத்தாறுலதான் 1799-ல கட்டபொம்மனைத் தூக்கில போட்டாங்க. மூணாம் நாள் கயத்தாறுல இருந்து வடக்கே கழுகுமலை, அங்கிருந்து சாயங்காலத்துக்குள்ள கோவில்பட்டி. ஒரு நாளைக்கு அம்பது கிலோமீட்டர் கூட வராது. சமதரை. ‘இது ஒரு தூரமா?’ன்னுதான் நினைச்சோம்.

ரெண்டு சைக்கிள் கியர் வச்சது, ரெண்டு சாதா சைக்கிள். வித்தியாசத்தை மெக் முதல் நாளே கணக்குப் போட்டுக் காட்டினான். சாதா சைக்கிள்ல முன்னாடி 44 பல், பின்னாடி 18 பல். விகிதம் 2.44. சக்கரச் சுற்றளவு 2.2 மீட்டர்னு வச்சா, பெடல் ஒரு சுத்துக்கு வண்டி 5.4 மீட்டர் போகும். கியர் சைக்கிள்ல முன்னாடி 32, பின்னாடி 34 போட்டா ஒரு சுத்துக்கு ரெண்டு மீட்டர்தான். வேகம் குறைவு, ஆனா ஒவ்வொரு மிதிக்கும் தேவைப்படுற பலமும் அதே அளவுக்குக் குறையும். தார் ரோட்டுல இது தெரியாது. சுமை ஏத்தி, எதிர்காத்துல, சகதியில போகும்போதுதான் தெரியும்.

எதிர்காத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. காத்தோட தடை, வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். நீங்க மணிக்கு 15 கிலோமீட்டர்ல போறீங்க, எதிர்ல 15 கிலோமீட்டர்ல காத்து அடிக்குதுன்னா, தடை நாலு மடங்கு. கயத்தாறைச் சுத்தி இவ்வளவு காத்தாடி ஏன் நிக்குதுன்னு அங்க சைக்கிள் ஓட்டினா புரிஞ்சிடும்.

வாட்டர்ப்ரூஃப் பைக்குக் காசு இல்ல. உள்ள பாலிதீன் பை வச்ச உரச் சாக்கை நல்லா கழுவிக் காயவச்சு, வாயை ரெண்டு தடவை சுருட்டி, பழைய டியூப் வாரால கேரியர்ல இறுக்கிக் கட்டினோம். ஒரு சொட்டு உள்ள போகல. தின்கிறதுக்குக் கடலை மிட்டாய். 2020-ல புவிசார் குறியீடு வாங்கின சாமான். வெல்லம் உடனே தெம்பு குடுக்கும், கடலை ரொம்ப நேரம் பசி தாங்கும். எந்த எனர்ஜி பாரும் இந்த விலைக்கு வராது.

லேப்ல படிச்ச மண்ணு

முதல் ரெண்டு நாளும் தார் ரோடு. மழை பெய்தா ஒதுங்கினோம், விட்டா மிதிச்சோம். ஈர ரிம்ல பிரேக் முதல்ல வழுக்கும், அதனால முன்கூட்டியே லேசா பிடிச்சுத் தண்ணியைத் துடைச்சிட்டு அப்புறம் அழுத்தணும்னு கத்துக்கிட்டோம். அவ்வளவுதான் கஷ்டம்.

மூணாம் நாள் ஞாயித்துக்கிழமை. சிஎஸ்இக்கு அன்னைக்கு ராத்திரி ஏழு மணிக்கு ஒரு கம்பெனியோட ஆன்லைன் டெஸ்ட். லேப்டாப் வீட்டுல. சாயங்காலம் நாலு மணிக்கே வீட்டுல இருப்போம்னு கணக்கு. கயத்தாறுல கிளம்பவே ஒன்பதரை ஆயிடுச்சு. அந்த நேரத்தைப் பிடிக்கலாம்னு மேப்ல ஒரு வண்டிப்பாதையை நான் கண்டுபிடிச்சேன். ஆறு கிலோமீட்டர் மிச்சம். முந்தின ராத்திரியே மழை வெறிச்சிருச்சு, வெயில் வேற அடிச்சுது. “காஞ்சிருக்கும்டா, வாங்க”ன்னேன்.

முதல் ஐநூறு மீட்டர் பஞ்சு மாதிரி இருந்துச்சு. அப்புறம் சக்கரம் மண்ணை எடுத்துக்க ஆரம்பிச்சுது. டயர்ல ஒரு அடுக்கு, அது மேல இன்னொரு அடுக்கு, நடுவுல காஞ்ச புல்லு, பருத்தி மார். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல இருந்த ஒரு விரக்கடை இடைவெளி அடைஞ்சதும் சக்கரம் நின்னுடுச்சு. தள்ளினா வண்டி வழுக்கிக்கிட்டு வருது, சக்கரம் சுத்தல. குச்சியால நோண்டி எடுத்தா இருபது அடிக்கு ஓடும். மறுபடியும் நிக்கும். செருப்பு ஒவ்வொண்ணும் ஒரு கிலோ. மூணு கிலோமீட்டருக்கு மூணரை மணி நேரம்.

உளுந்துக் காட்டுல நின்ன ஒரு தாத்தா ரொம்ப நேரம் பார்த்துட்டுச் சொன்னார்: “மழை வெறிச்ச மறுநாளு கரிசல்ல எறங்கலாமாடே? ஒண்ணு சொதசொதன்னு இருக்கையில போயிரணும், இல்ல பொருக்கு விட்டப்புறம் போகணும். ரெண்டுக்கும் நடுவுலதான் ஆளைப் பிடிக்கும்.”

எனக்கு அங்கேயே முகத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஏன்னா இது என் பாடம். அஞ்சாவது செமஸ்டர் மண் லேப்ல இதே கரிசல் மண்ணை வச்சு ‘ஃப்ரீ ஸ்வெல்’ டெஸ்ட் பண்ணியிருக்கேன். காஞ்ச மண்ணு பத்துப் பத்து கிராம் ரெண்டு ஜாடியில போடுவோம். ஒண்ணுல தண்ணி, ஒண்ணுல மண்ணெண்ணெய். 24 மணி நேரம் கழிச்சுப் பார்த்தா மண்ணெண்ணெய் ஜாடியில மண்ணு அப்படியே கிடக்கும். தண்ணி ஜாடியில உப்பி மேல ஏறி நிக்கும்.

காரணம், கரிசல்ல நிறைய இருக்கிற மான்ட்மொரில்லனைட்ங்கிற களிமண் கனிமம். அப்பளக் கட்டு மாதிரி மெல்லிய தகடு தகடா அடுக்கின அமைப்பு. தகடுகளுக்கு நடுவுல பிணைப்பு ரொம்ப லேசு. தண்ணி உள்ள புகுந்து தகடுகளைத் தள்ளி வைக்கும், மண்ணு உப்பும். காஞ்சா தண்ணி வெளியேறும், மண்ணு சுருங்கிப் பாளம் பாளமா வெடிக்கும். மண்ணெண்ணெய்க்கு அந்தத் தகடுகளோட ஒட்டுற குணம் இல்ல, அதனால அதுல உப்பாது.

தாத்தா சொன்ன ‘நடுவுல’ங்கிறதுக்கும் புஸ்தகத்துல பேர் இருக்கு. ஈரம் ரொம்பக் கூடினா மண்ணு குழம்பு மாதிரி ஓடும், அந்த எல்லை திரவ வரம்பு. ஈரம் குறைஞ்சா பிசைய வராம உதிரும், அந்த எல்லை பிளாஸ்டிக் வரம்பு. ரெண்டுக்கும் நடுவுல சப்பாத்தி மாவு பதம். கரிசல்ல இந்த இடைவெளி ரொம்பப் பெருசு. அதனால ரொம்ப நாளைக்கு அந்தப் பதத்துலயே நிக்கும். மேல காஞ்ச மாதிரி தெரியும், உள்ள மாவு. ஸ்காட்லாந்து மலைகள்ல பாதி மக்கின செடிகொடி தண்ணியில ஊறி உண்டான பீட் நிலம், அங்க சக்கரம் புதையும். இங்க மண்ணு சக்கரத்தோட சேர்ந்து ஏறும். வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டது எதுவும் உதவல. பரீட்சையில எழுதினதும் உதவல, ஏன்னா மேப்பைப் பார்க்கும்போது அது ஞாபகத்துக்கே வரல.

தரைப்பாலம்

வெளிய வந்து, ஒரு பம்ப்செட்ல சைக்கிளைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, சாப்பிட்டு முடிக்க மூணரை மணி. கிளம்பினதும் அடுத்த மழை. ஒரு மணி நேரம் ஒரு சாவடியில நின்னோம். அஞ்சு மணிக்கு ஒரு ஓடைக்கு வந்தோம். தரைப்பாலத்து மேல தண்ணி ஓடுது. அந்தப் பக்கம் அஞ்சு கிலோமீட்டர்ல கழுகுமலை, அங்கிருந்து பஸ். திரும்பி மெயின் ரோடு வழியா சுத்தினா பதினேழு கிலோமீட்டர்.

எங்க கண்ணு முன்னாடியே ஒருத்தர் பைக்ல கடந்து போனார். சிஎஸ்இ சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டான். “முழங்கால் கூட இல்லடா. ஏழு மணிக்கு டெஸ்ட்.”

நான் வேண்டாம்னேன். தண்ணி வந்தப்ப இருந்ததைவிடக் கலங்கலா மாறியிருந்துச்சு, செத்தை மிதந்து வந்துச்சு. அப்படின்னா மேல எங்கயோ இன்னும் மழை. பாலத்தோட விளிம்பு எங்கன்னு தெரியல. கிளம்பும்போதே ஒரு ரூல் வச்சிருந்தோம்: தண்ணி விஷயத்துல ஒருத்தர் வேண்டாம்னா எல்லாருக்கும் வேண்டாம். இசிஇ, மெக் ரெண்டு பேரும் எதுவும் பேசல. சிஎஸ்இ சைக்கிளைக் கீழ வச்சான். என்னைப் பார்க்காமயே வண்டியைத் திருப்பினான்.

கழுகுமலை வந்தப்ப ஏழு பத்து. டெஸ்ட் போச்சு.

ராத்திரி லாட்ஜ்ல நான் கணக்குப் போட்டேன், தப்புப் பண்ணிட்டேனோன்னு. 40 செ.மீ. ஆழம், நொடிக்கு 1.5 மீட்டர் ஓட்டம், ரெண்டு காலும் சேர்ந்து தண்ணிக்குக் காட்டுற பரப்பு 0.12 சதுர மீட்டர். தள்ளுற விசை சுமார் 135 நியூட்டன். 14 கிலோ எடை பக்கவாட்டுல இழுக்குற மாதிரி. தாங்கிடலாம். ஆனா ஓட்டம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்கு, 55 கிலோ. கால்ல பாசி. தண்ணியோட மிதப்பு விசையால கால் பிடிமானமும் குறையும். தோள்ல சைக்கிள் வேற.

வறண்ட பூமி, இங்க என்ன வெள்ளம்னு நினைக்காதீங்க. 2023 டிசம்பர்ல இதே தூத்துக்குடி மாவட்டத்துல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. மழை பெஞ்சுது.

ஆனா உண்மையைச் சொல்லணும். அன்னைக்கு அந்தப் பாலத்துல யாருக்கும் எதுவும் ஆகல. நாங்க கடந்திருந்தாலும் ஒருவேளை சும்மா கடந்திருப்போம். அவன் டெஸ்ட் எழுதியிருப்பான். நான் சொன்னது சரின்னு நிரூபிக்க எங்கிட்ட எதுவும் இல்ல.

மலை மேல இருந்து

மறுநாள் காலையில மூணு பேர் கழுகுமலை ஏறினோம். சிஎஸ்இ வரல. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலைப் பார்த்தோம். ஒரே பாறையை மேலிருந்து கீழ வெட்டிக்கிட்டே வந்திருக்காங்க. மேல விமானம் அவ்வளவு நுணுக்கம், கீழ்ப்பகுதி முடியாமலே நிக்குது. சமணர் சிற்பங்களைத் தாண்டி மேல போய் நின்னா சுத்துவட்டாரமே தெரியுது. மலையடியில சிவப்புச் சரள் மண்ணு, தள்ளிப் போகப் போகக் கருகருன்னு கரிசல். எந்தப் பாதை எந்த நிறத்துல போகுதுன்னு தெளிவா தெரிஞ்சுது. போன்ல சாட்டிலைட் படத்தைத் திறந்தேன். அதுலயும் அதே நிறம், அதே கோடு. முந்தின நாள் நான் பார்த்ததும் இதே போன்லதான். கிலோமீட்டரை மட்டும் பார்த்தேன்.

கோவில்பட்டிக்குத் திரும்பும்போது அவன் எங்ககூடவே வந்தான், பேசாம. ரெண்டு வாரம் சரியா பேசல. அப்புறம் ஒரு நாள் மெஸ்ல அவனே சொன்னான்: “பாலத்துக்கு உன்மேல கோவம் இல்லடா. காலையில அந்தக் குறுக்குப்பாதைக்குத்தான்.”

சரியாத்தான் சொன்னான். பாலத்துல எங்களை அவசரப்படுத்தினது தண்ணி இல்ல, காலையில நான் தொலைச்ச மூணரை மணி நேரம். கையில நேரம் இருந்திருந்தா ‘வேண்டாம்’ங்கிறது சண்டையாவே ஆகியிருக்காது. பயணத்துல நேரமும் ஒரு பாதுகாப்புச் சாமான்தான், ஹெல்மெட் மாதிரி.

போறவங்களுக்கு

* தூரத்தை வச்சு பிளான் போடாதீங்க. சாட்டிலைட் படத்துல மண்ணோட நிறத்தைப் பாருங்க. மழைக்காலத்துல சிவப்புச் சரள், தார் ரோடு சரி. கருப்புல இறங்காதீங்க.
* பாதையைப் பத்தி ஊர்க்காரங்க ஒருத்தர்கிட்டயாவது கேளுங்க. “போலாமா?”ன்னு கேட்டா போலாம்னுதான் சொல்வாங்க. “இன்னைக்கு நீங்க இதுல போவீங்களா?”ன்னு கேளுங்க.
* மட்கார்டைக் கழட்டிடுங்க, இல்லன்னா இடைவெளி கூட இருக்கிற மாதிரி மாத்துங்க. மண் நோண்ட ஒரு மூங்கில் குச்சி கேரியர்ல இருக்கட்டும்.
* போட்ட நேரத்தோட பாதி நேரத்தைக் கூட சேர்த்துக்கோங்க. திரும்பி வர்ற நாள்ல வேற எந்த வேலையும் வைக்காதீங்க.
* ஓடுற தண்ணியில ஒருத்தர் வேண்டாம்னா எல்லாருக்கும் வேண்டாம். இதைக் கிளம்புறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிடுங்க. பாலத்துல வச்சுப் பேச முடியாது.

கடைசி ரூலை இப்படித்தான் எழுதணும்னு சொன்னது சிஎஸ்இ. பங்குனியில, கரிசல் நல்லா காஞ்சு வெடிச்சப்புறம், அந்த வண்டிப்பாதையில மறுபடியும் போகணும்னு சொல்லியிருக்கான். ரூட் அவன்தான் போடுவானாம்.