சிலைகளைப் பேச வைப்போம்: மெரினாவில் ஒரு குடும்ப உலா

மெரினாவுக்குப் போனால் சுண்டல் சாப்பிடுகிறோம், அலையில் கால் நனைக்கிறோம், சிலை முன்னால் ஒரு செல்ஃபி எடுக்கிறோம். "இவர் யாருப்பா?" என்று பிள்ளை கேட்டால், "பெரிய புலவர், வா போகலாம்" என்று கையைப் பிடித்து இழுக்கிறோம். அந்தக் கேள்வி அங்கேயே செத்துப்போகிறது.

கோபன்ஹேகன், லண்டன் போன்ற நகரங்களில் சிலைக்குப் பக்கத்தில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால், அந்தச் சிலையே நமக்கு போன் செய்து பேசும்படி ஏற்பாடு செய்தார்கள். நாம் அதுவரை காத்திருக்க வேண்டாம். நம்ம பிள்ளைகளே சிலைக்குக் குரல் கொடுக்கலாம்.

எப்படிச் செய்வது?

ஒரு மாலைக்கு மூன்று சிலைகள் போதும். முதலில் போனைப் பையில் வையுங்கள். இரண்டு நிமிடம் சிலையை மட்டும் பாருங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

உழைப்பாளர் சிலை: தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது, 1959-இல் நிறுவப்பட்டது. நான்கு பேர் ஒரு பாறையை நகர்த்துகிறார்கள். பிள்ளைகளை அதே மாதிரி நிற்கச் சொல்லுங்கள்; எந்தக் காலில் பாரம் இறங்குகிறது என்பது அவர்களுக்கே புரியும். கேள்வி: "இவங்க பேர் யாருக்கும் தெரியாது. அப்புறம் எதுக்குச் சிலை?"

கண்ணகி: 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைக்கப்பட்ட சிலைகளில் ஒன்று. கையில் சிலம்பு. கேள்வி: "அதுக்குள்ள என்ன இருந்துச்சு?" அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அதுதான் வழக்கையே திருப்பிய சாட்சி.

வீரமாமுனிவர்: இத்தாலியில் பிறந்து தமிழ் கற்றவர், சதுரகராதி தந்தவர். போனில் 'மெல்', 'மேல்' என்று டைப் செய்யுங்கள். குறிலுக்கும் நெடிலுக்கும் கொம்பு எப்படி மாறுகிறது? இந்த எழுத்துச் சீர்திருத்தத்தோடு இவர் பெயரைத்தான் சேர்த்துச் சொல்கிறோம்.

பதிவு செய்யுங்கள்

இப்போது வாய்ஸ் ரெக்கார்டரைத் திறந்து, "நான்தான் கண்ணகி பேசுறேன்..." என்று பிள்ளையைத் தொடங்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் போதும். சந்தேகம் வந்தால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் மூல நூலையே இலவசமாகப் பார்க்கலாம். பதிவை ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர்கள் ஒரு கதை கூடுதலாகச் சொல்வார்கள்.

கவனம்

• காமராஜர் சாலையைச் சுரங்கப்பாதை வழியாகவே கடக்கவும்.
• பீடத்தின் மீது பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.
• பொது இடத்தில் யாரோ ஒட்டிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டாம். ஸ்கேன் செய்ததும் பணமோ ஓடிபி-யோ கேட்டால் உடனே மூடிவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

சென்னையில் இல்லையா? உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு சிலையின் கல்வெட்டைப் பிள்ளையை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். யார், எப்போது, ஏன் என்ற மூன்று கேள்விகளுக்கும் பாதி பதில் அதிலேயே கிடைக்கும். மீதியை நீங்களும் பிள்ளையும் சேர்ந்து தேடுங்கள்.