கரி வடிகட்டி விளக்கு எரிந்தால்...

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபின் விற்கப்பட்ட டீசல் சரக்கு வண்டிகள் பலவற்றின் புகைக்குழாயில் கரி வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரி சுமார் 600 டிகிரி சூட்டில் எரிந்துவிடும். செக்கானூரணிப் பக்கமிருந்து பூ, காய்கறி ஏற்றி, காளவாசல் நெரிசலில் நின்று நின்று மாட்டுத்தாவணி போகும் வண்டியில் இந்தச் சூடு ஏறுவதில்லை. கரி அடைத்து, எச்சரிக்கை விளக்கு எரியும்.

அந்த விளக்கு மட்டும் எரிந்தால் நான்குவழிச் சாலையில் 20 நிமிடம் சீராக ஓட்டவும், பெரும்பாலும் அணைந்துவிடும். என்ஜின் விளக்கும் எரிந்து, இழுவையும் குறைந்தால் மேற்கொண்டு ஓட்டாமல் பட்டறையில் காட்ட வேண்டும்.

பட்டறையில் எடுத்த எடுப்பிலேயே வடிகட்டியை மாற்றச் சம்மதிக்க வேண்டாம். ஒரு போக வருமானமே போய்விடும். முதலில் ஸ்கேனரில் கோளாறு எண்ணைப் பார்க்கச் சொல்லவும். வடிகட்டியின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குப் போகும் சிறு குழாய் வெடித்திருந்தாலோ கழன்றிருந்தாலோகூட விளக்கு எரியும். செலவு சொற்பமே. இன்ஜெக்டர் ஒழுகினாலும், இ.ஜி.ஆர். வால்வு ஒட்டிக்கொண்டாலும் கரி மிகும். இவற்றைச் சரிசெய்யாமல் புது வடிகட்டி போட்டால் அதுவும் அடைத்துக்கொள்ளும்.

ஆயில் குச்சியையும் பார்க்கவும். அளவு ஏறியிருந்தால் டீசல் கலந்திருக்கலாம். ஆயிலை மாற்ற வேண்டும். மலிவென்று கையேட்டில் சொல்லாத ஆயிலை ஊற்றக் கூடாது. அதன் சாம்பல் வடிகட்டியில் தங்கும். எவ்வளவு ஓட்டினாலும் எரியாது.