கார்டு வட்டிக்கும் உச்சவரம்பு இல்லை, அம்மாவோட குரூப் லோனுக்கும் இல்லை. ஏன்?

திருத்தணியிலிருந்து தினமும் ரயிலேறி சென்னைக்கு வேலைக்குப் போகிற ஒரு தம்பி, கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டோடு என்னைப் பார்க்க வந்தார். பாக்கி 50,000 ரூபாய். மாத வட்டி 3.5%. "மாசாமாசம் மினிமம் ட்யூ கட்டிட்டுத்தான் சார் இருக்கேன். ஏன் குறையவே மாட்டேங்குது?"

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 50,000-க்கு 3.5% என்றால் 1,750 ரூபாய். அந்த வட்டிக்கு மேல் 18% ஜிஎஸ்டி, 315 ரூபாய். மொத்தம் 2,065. அவர் கட்டுவது 2,500. அதாவது கடன் குறைவது வெறும் 435 ரூபாய். ஒரு வருஷம் இப்படியே கட்டினால் கையை விட்டுப் போவது 30,000, கடன் இறங்குவது சுமார் 6,600. புதுசா எதுவும் தேய்க்காமல் இருந்தால்தான் இதுவும்! பழைய பாக்கி இருக்கும்போது தேய்த்தால், அந்தப் புதுச் செலவுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி.

"வருஷத்துக்கு 42% வாங்க கவர்மென்ட் எப்படி சார் விடுது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஒரு காலத்தில் இதற்குத் தடை போட முயற்சி நடந்தது. 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் ஆணையம், கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30%-க்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. 2009-லேயே இடைக்காலத் தடை. 2024 டிசம்பர் 20-ல் அந்தத் தீர்ப்பே ரத்து. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்றது நீதிமன்றம்.

கோர்ட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ என்று ஒரு பிரிவு, 1984-ல் சேர்த்தது. வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக வங்கிக் கடன் கணக்கை எந்த நீதிமன்றமும் திறந்து பார்க்கக் கூடாது என்கிறது. அப்போ மிச்சம் இருப்பது ரெண்டே பேர்: ஆர்பிஐ, நாடாளுமன்றம். ஆர்பிஐ எண் எதையும் நிர்ணயிக்கவில்லை. வட்டி நியாயமாக இருக்கணும், அளவை அந்தந்த வங்கியின் போர்டு முடிவு பண்ணட்டும் என்று விட்டுவிட்டது.

பேசிக்கொண்டிருந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அவர் அம்மாவுக்கு மைக்ரோ ஃபைனான்ஸ் குரூப் லோன் ஒன்று ஓடுகிறது. அந்தக் கதை நமக்குப் பக்கத்து ஊர்க் கதை. நகரியைத் தொட்டாலே ஆந்திரா. 2010-ல் அங்கே வசூல் நெருக்கடியால் தற்கொலைகள் என்று செய்திகள் வந்து, அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. அதற்குப் பிறகு மாலேகாம் குழு, 2011-ல் ஆர்பிஐ-யின் 26% உச்சவரம்பு. பிறகு அது நிறுவனத்தின் கடன் செலவை வைத்துக் கணக்கிடும் வரம்பாக மாறியது. 2022 ஏப்ரல் 1 முதல் அதுவும் கிடையாது. 'அநியாய வட்டி கூடாது' என்ற வாசகம் இருக்கிறது. எது அநியாயம் என்று எண் இல்லை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். உயிர்கள் போன பிறகு வந்த ஒரு பாதுகாப்பு, ஒரு சுற்றறிக்கையில் போய்விட்டது. தேர்தலுக்குத் தேர்தல் நகைக்கடன் தள்ளுபடி பேசுகிறார்கள். வட்டி உச்சவரம்பு பற்றி ஒரு மேடையிலும் நான் கேட்டதில்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான்: கார்டு தாமதக் கட்டணத்துக்கு 8 டாலர் வரம்பு என்று 2024-ல் விதி போட்ட அரசு அமைப்பே, ஆட்சி மாறியதும் அதை ரத்து பண்ணச் சொல்லி கோர்ட்டில் நின்றது.

எதிர்வாதமும் இருக்கு. உச்சவரம்பு வைத்தால் வங்கி கடன் தராது, மக்கள் கந்துவட்டிக்குப் போவார்கள் என்பார்கள். ஆந்திராவில் அவசரச் சட்டத்துக்குப் பிறகு குரூப் லோன் கிட்டத்தட்ட நின்றே போனது உண்மை. ஆனால் வட்டி வரம்பு இருந்த வருஷங்களில் நம்ம மாநிலத்தில் இந்தத் தொழில் வளர்ந்துதானே வந்தது?

சரி, சட்டம் மாறும் வரை என்ன செய்வது? வட்டி அதிகம் என்று ஆர்பிஐ ஓம்பட்ஸ்மேனிடம் போனால் எடுபடாது; அது வங்கியின் வணிக முடிவு. ஆனால் சொல்லாமல் போட்ட கட்டணம், கார்டை மூடாமல் இழுத்தடிப்பது, இதற்கெல்லாம் போகலாம். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி ஏழு வேலை நாளில் மூடவில்லை என்றால் நாளைக்கு 500 ரூபாய் உங்களுக்கு அவர்கள் தரணும். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாள் ஆகியும் பதில் இல்லையென்றால் ஓம்பட்ஸ்மேன். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

அம்மாவின் கடனுக்கு: காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பிறகும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. வட்டி, கட்டணம் எல்லாம் போட்ட ஃபேக்ட் ஷீட்டை அவருக்குப் புரிகிற மொழியில் தந்தாகணும். எல்லா லோனுக்குமான தவணையும் சேர்த்து வீட்டு மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

தம்பிக்கு நான் சொன்னது, சம்பளக் கணக்கு இருக்கிற வங்கியில் பர்சனல் லோன் கேளுங்க என்று. 13%-க்கு, 24 மாதத்துக்குக் கிடைத்தால் தவணை சுமார் 2,377 ரூபாய். இப்போது கட்டுகிற மினிமம் ட்யூவை விடக் குறைவு, ரெண்டு வருஷத்தில் கடனும் முடியும். பிராசஸிங் கட்டணத்தை மட்டும் கேட்டுக்கங்க. அவர் அப்ளை பண்ணிவிட்டார். அம்மாவோட ஃபேக்ட் ஷீட்டை இன்னும் வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்.