சார்பும் உயிரும்

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. தூய படிகம் தன்னருகே வைத்த மலரின் நிறத்தைத் தன்னிறம்போலக் காட்டும். மலர் நீங்கின் அந்நிறமும் நீங்கும். இவ்வுவமையை அன்பர் பலரும் அறிவர். ஆயின் இதனைத் தனியுயிர்க்கு மட்டும் உரியதாகக் கொள்ளாது, ஊரினும் சமுதாயத்தினும் வைத்து நோக்குவார் அரியர். ஈண்டு அதனைச் சிறிது ஆராய்வாம்.

அறந்தாங்கியினின்றும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஆவுடையார்கோயில் எனப்படும் திருப்பெருந்துறை. அங்கே கருவறையில் ஆவுடையார் மாத்திரமே உளது. அதன்மீது இலிங்கத் திருவுரு இல்லை. அம்மையாகிய யோகாம்பிகைக்கும் திருவடிகளே உள்ளன. கொடிமரமும் நந்தியும் காணப்படா. புழுங்கலரிசிச் சோற்றை ஆவியெழக் கல்லிற் பரப்பி, கீரையோடும் பாகற்காயோடும் நிவேதித்தல் வழக்கு. இவ்வூர்ச் சிறுவன் அருவம் என்னும் சொல்லைக் கற்பதன் முன்னரே அருவ வழிபாட்டைக் கண்ணாற் கண்டுவிடுகின்றான். நூல் பல கற்றும் நமக்கு எளிதில் விளங்காதது அவனுக்குச் சூழலால் எய்துகின்றது. (புகழ்பெற்ற கொடுங்கை வேலையைக் காணவருவோருட் சிலர் அண்ணாந்து நோக்கியபடியே சென்று, உள்ளிருக்கும் வெறுமையைக் காணாது மீள்வதும் உண்டு.)

பாண்டியன் குதிரை வாங்க விடுத்த அமைச்சராகவே வாதவூரடிகள் இத்தலத்திற்கு வந்தார் என்பர். அரசவையின் சார்பில் அமைச்சர். குருந்தமரத்தடியிற் குருவின் சார்பில் அடியார். ஆள் ஒருவரே, சார்பு வேறாயிற்று.

சார்பு இங்ஙனம் ஒருநாளில் மாறுதலேயன்றித் தலைமுறைகளினூடே மெல்ல மாறுதலும் உண்டு. அறந்தாங்கி வட்டாரத்தினின்றும் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகட்குப் பொருள்தேடிச் செல்வார் பலராதலின் இது நம் வீட்டு வினாவேயாம். 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையினின்றும் சென்ற ட்ரூரோ என்னும் கப்பல் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராய் ஆங்குச் சென்ற இந்தியர் ஏறத்தாழ 1,52,000 பேர்; தமிழர் அவருட் பெருந்தொகையினர். இன்று அவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலார்க்கு வீட்டுமொழி ஆங்கிலம். தைப்பூசக் காவடியோ நிலைத்துள்ளது. மொரீசியசு நாட்டு நாணயத்தாளில் தமிழெழுத்து உண்டு. 1998இல் அதன் வரிசை பின்தள்ளப்பட்டபொழுது எழுந்த எதிர்ப்பால் அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. ஆயினும் அந்நாட்டுத் தமிழர் இல்லத்திற் பெரிதும் வழங்குவது கிரியோல் மொழியே.

காவடி நிற்க மொழி நீங்கியது என்னை? காவடிக்குக் கோயில் வேண்டும். அதனை நேட்டால் தொழிலாளர் மரத்தாலும் தகரத்தாலும் தாமே எழுப்பிக்கொண்டனர். மொழிக்கோ நாடோறும் பேசுவாரும் கற்பிப்பாரும் வேண்டும். மலேசியாவில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள. தோட்டமுதலாளிகள் பள்ளி நடத்தவேண்டுமென 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஆண்டுச் சட்டம் விதித்தது. அப்பள்ளிகள் பலவும் எளியனவே. எனினும் ஒரு சார்பாய் நின்றன. ஆதலின், கடல்கடந்தார் தமிழை மறந்தனர் என்று பழிப்பது நேரிதன்று. சார்பின்றி எப்படிப் பற்றுவர்?

அற்றேல், சூழலே அனைத்தும் செய்யும், உயிர்க்குப் பொறுப்பில்லை என்று கோடலாமோவெனின், ஆகாது. ஈண்டுப் படிகவுவமை முழுதும் பொருந்தாது. படிகம் அறிவற்றது, மலரைத் தேடிச் செல்லாது. உயிரோ அறிவுடையது. சிவஞானபோதத்தின் ஏழாஞ் சூத்திரம் அதனைச் சத்தும் அன்று, அசத்தும் அன்று, இரண்டையும் அறிவது என நிறுவுகின்றது. ஆதலால் தான் சாரவேண்டியதைத் தானே நாடவும், இல்லாவிடத்து ஆக்கவும் அது வல்லதாம். நேட்டாலின் தகரக் கோயில்கள் அவ்வாற்றானே எழுந்தன. சிங்கப்பூரிலே தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயும் பள்ளிப்பாடமாயும் இருந்தும், 2010, 2020 ஆகிய கணக்கெடுப்புகளுக்கிடையே இல்லங்களில் அதன் வழக்குக் குறைந்தது; சட்டமும் பள்ளியும் அமைத்த சார்பினை வீடு மேற்கொண்டாலன்றி அது நிறம் பற்றாது போலும்.