செல்ஃப் எடுக்காத வண்டி: தொழிலுக்கு வந்த தம்பிகளுக்கு

சேலம், நாமக்கல் பக்கம் ஒர்க்‌ஷாப்பில் சேரும் பையன்களுக்கு லாரி மேல்தான் கண். பாடி கட்ட நாமக்கல், போர்வெல் ரிக்குக்குத் திருச்செங்கோடு, லாரித் தொழிலுக்குச் சங்ககிரி என்று ஊரே அப்படி. கார் என்றால் கொஞ்சம் இளப்பம். பத்துச் சக்கர வண்டியைப் பிரித்து மாட்டுகிற பையன்கூட, பழைய மாருதி 800 சாவியைத் திருகியும் அசையவில்லை என்றால் நேரே அடியில் படுத்துச் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற ஆரம்பிக்கிறான். அந்த அவசரக்காரத் தம்பிக்குத்தான் இதை எழுதுகிறேன்.

1. "ஸ்டார்ட் ஆகலைங்க" என்று ஓனர் சொன்னால் அதை அப்படியே வாங்கிக்கொள்ளாதே. சாவியைத் திருகினால் இன்ஜின் சுற்றுகிறதா, சுற்றவே இல்லையா? நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் அது பெட்ரோல் பக்கம், ஸ்பார்க் பக்கம் பார்க்க வேண்டிய வேலை. சுற்றவே இல்லை என்றால் கார்புரேட்டரைத் தொடாதே, பிளக்கைக் கழற்றாதே. பேட்டரியிலிருந்து ரிங் கியர் வரைக்கும் உள்ள பாதையில் மட்டும்தான் உனக்கு வேலை.

2. ஸ்பேனர் எடுக்கும் முன் நாலு கேள்வி கேள். வண்டி எத்தனை நாளாக நின்றது? நேற்று செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றியதா, இல்லை திடீரென்று நின்றதா? காலையில் எடுத்துவிட்டு மத்தியானச் சூட்டில் மட்டும் எடுக்காமல் போகிறதா? கடைசியாக யார் கை வைத்தார்கள்? எங்கள் பக்கத்தில் முதல் கேள்விக்கே பாதி பதில் வந்துவிடும். ரிக் வண்டிக்காரர் வடக்கே போனால் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கார் வாசலில் நிற்கும். நின்ற பேட்டரி தானாகவே இறங்கும், இறங்கியபடியே கிடந்தால் தகட்டில் சல்பேட் கெட்டிப்படும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. நாலாவது கேள்வியும் லேசுப்பட்டதல்ல. புதிதாக ஸ்டீரியோ, ஹாரன், அலாரம் எது மாட்டியிருந்தாலும் அந்த ஒயரை முதலில் சந்தேகப்படு.

3. அடுத்து காதைக் கொடு. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, எதிர்ச் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தபடியே சாவியைத் திருகு. ஒரு ரூபாய் செலவில்லாத டெஸ்ட் இது. இதைச் செய்யாமல் மீட்டரைத் தேடுகிறவனை நான் மெக்கானிக் என்று சொல்ல மாட்டேன்.

வெளிச்சம் அடியோடு செத்துவிட்டால், பேட்டரி காலி அல்லது டெர்மினல் பிடிக்கவில்லை. வேகமாக "டக்டக்டக்டக்" என்று அடித்தால் சோலினாய்டு இழுத்து இழுத்து விடுகிறது, பிடித்துவைக்க வோல்டேஜ் போதவில்லை என்று பொருள். அதுவும் பேட்டரி அல்லது கனெக்‌ஷன்தான். ஒரே ஒரு "டக்" கேட்டு வெளிச்சமும் நன்றாக மங்கினால் மோட்டார் கரண்டை இழுக்கிறது, ஆனால் சுற்ற முடியவில்லை. மோட்டார் இறுகியிருக்கலாம், இன்ஜினே இறுகியிருக்கலாம், பலமில்லாத பேட்டரியாகவும் இருக்கலாம். ஒரே "டக்", வெளிச்சம் அப்படியே இருக்கிறது என்றால் சோலினாய்டின் உள் காண்டாக்டோ, கார்பன் பிரஷ்ஷோ போயிருக்கும். சத்தமே இல்லை, வெளிச்சமும் குறையவில்லை என்றால் சாவியிலிருந்து சோலினாய்டுக்குப் போகும் சின்ன ஒயரில் எங்கோ அறுந்திருக்கிறது. "கிர்ர்" என்று மோட்டார் மட்டும் சும்மா சுற்றினால் பெண்டிக்ஸ் பல் பிடிக்கவில்லை. பல் எப்போதோ ஒருமுறைதான் பிடிக்காமல் போகிறது என்றால், ரிங் கியரில் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறதா என்று பார்.

4. இப்போது மீட்டரை எடு. ஓய்ந்து நிற்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12 காட்டினால் ஏறக்குறைய காலி. 10.5 பக்கம் நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்திருக்கலாம், ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லாக விட்டுப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவான். ஆனால் 12.6 காட்டியதும் பேட்டரி நல்லது என்று தீர்ப்பு எழுதிவிடாதே. சின்னப் பெட்ரோல் காரின் செல்ஃப்கூட நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தப் பாரம் ஏறும்போது எவ்வளவு நிற்கிறது என்பதுதான் கணக்கு. உதவிக்கு ஒருவரைச் சாவி திருகச் சொல்லி மீட்டரைப் பார். 9.6க்குக் கீழே விழுந்தால் முதலில் முழுதாக சார்ஜ் போடு. அதற்குப் பிறகும் அப்படியே விழுந்தால் பேட்டரியை மாற்று. சேலத்து வெயிலுக்குப் பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், ஆசிட் அல்ல.

டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பூவை வெந்நீரும் சமையல் சோடாவும் போட்டுக் கழுவு. உப்புத்தாளில் தேய்த்து, இறுக்கியபின் மேலே வாசலின் தடவு. கோழிப்பண்ணைக்குப் போய்வரும் வண்டியாக இருந்தால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவுக்கும் செம்புக்கும் ஆகாது. கிளாம்பு பளபளவென்று இருக்கும், ஒயர் உறைக்குள் செம்பு பச்சையாக அரித்துப்போயிருக்கும். கூடவே தீவன மூட்டைக்கு வரும் எலி, ஒயரையும் ருசி பார்க்கும்.

கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். விரலில் மோதிரம் வேண்டாம். பேட்டரி பக்கத்தில் பீடி வேண்டவே வேண்டாம், சார்ஜ் ஏறும்போது வருவது ஹைட்ரஜன்.

5. இது எங்கள் ஊருக்கென்றே சொல்ல வேண்டியது. கார் பேட்டரி டவுன் என்றால், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு லாரி நிற்கும். டிரைவரும் நல்ல மனதோடு "நம்ம வண்டியில இருந்து கரண்ட் குடுத்துக்கலாங்க" என்பார். கேபிளை எடுக்கும் முன் அந்த லாரி எத்தனை வோல்ட் என்று பார். பெரிய வண்டிகள் பலவற்றில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக மாட்டி 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அதைக் காருக்குக் கொடுத்தால் பல்பு, ஸ்டீரியோ, இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால் இசிஎம் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். பேட்டரி வெடிக்கவும் கூடும். இன்னொரு காரைத் தேடு. ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ், அப்புறம் நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசி முனையை நம் இன்ஜின் இரும்பில், பேட்டரிக்குத் தள்ளிக் கொடு.

6. எர்த்தை யாரும் மதிப்பதில்லை. இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. இன்ஜினையும் பாடியையும் சேர்ப்பது ஒரு பின்னல் பட்டை மட்டும்தான். அது அறுந்தாலோ துருப்பிடித்தாலோ அத்தனை ஆம்பியரும் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்ததும் கேபிள் சுட்டால் வேறு சாட்சி தேவையில்லை. டிங்கர், பெயின்ட் வேலை முடிந்து வந்த வண்டியில் எர்த் போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் அடித்திருப்பார்கள், சுரண்டிப் பார். சந்தேகம் தீர, பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு ஒரு தடித்த கேபிள் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருகு. வண்டி எடுத்துவிட்டால் சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

கேபிளுக்குள் ஒளிந்திருக்கும் கோளாறையும் மீட்டர் காட்டும். ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வை, கிளாம்பில் அல்ல. மறுமுனையை மோட்டாரின் பெரிய போல்ட்டில் வை. செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் தடை இருக்கிறது. மோட்டார் கரண்டை இழுக்கும்போது மட்டும்தான் இந்தக் கணக்கு செல்லும்.

7. சத்தமே இல்லாத வண்டிக்கு டெஸ்ட் லாம்ப் போதும். சோலினாய்டின் சின்ன முனையில் வைத்துச் சாவியைத் திருகச் சொல். லாம்ப் பளிச்சென்று எரிந்தும் "டக்" இல்லை என்றால் சோலினாய்டு போய்விட்டது. எரியவில்லை, மங்கலாக எரிகிறது என்றால் பின்னோக்கிப் போ. ஒயர், கப்ளர், சில வண்டிகளில் கிளட்ச் பெடல் சுவிட்ச், கடைசியில் இக்னிஷன் சுவிட்ச். ரிலே இல்லாத பழைய வண்டிகளில் சோலினாய்டு கரண்ட் முழுவதும் சாவி சுவிட்ச் வழியாகவே போகும், உள்ளே காண்டாக்ட் கருகும். ஒரு ரிலே போட்டுக்கொடு, அந்தத் தொல்லை திரும்ப வராது. சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, கடைச் சாவி, பீரோச் சாவி எல்லாம் தொங்கவிடும் ஓனருக்கும் ஒரு வார்த்தை சொல்லு.

ஸ்குரூடிரைவரால் சோலினாய்டை ஷார்ட் பண்ணிப் பார்ப்பது பழைய வழக்கம். நியூட்ரலில் இருக்கிறதா என்று நீயே கியர் ராடை ஆட்டிப் பார்த்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்தபிறகு செய். கியரில் நிற்கும் வண்டி பாய்ந்து உன் மேலேயே ஏறும்.

8. இதெல்லாம் முடிந்த பிறகுதான் மோட்டாரைக் கழற்றும் பேச்சு. சாவியைத் திருகும்போது மோட்டார் உடம்பில் லேசாகத் தட்டினால் சுற்றுகிறதா? கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அது நோயைக் கண்டுபிடிக்கும் தட்டுதானே தவிர வைத்தியம் இல்லை. சுத்தியலால் ஓங்கி அடிக்காதே, பிந்தைய மோட்டார்களில் உள்ளே இருப்பது காந்தத் துண்டு, அடித்தால் நொறுங்கும். பிரித்தால் பிரஷ் நீளம், கம்யூட்டேட்டர், புஷ் மூன்றையும் பார். புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் உரசும். சூட்டில் மட்டும் எடுக்காத வண்டிக்குப் பெரும்பாலும் இங்கேதான் விடை. அம்பாசிடரை உத்தரபாராவில் 2014 மே மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள், மாருதி 800-ம் அதே வருடத் தொடக்கத்தில் நின்றது. சாமான் இன்னும் கிடைக்கிறது, போலியும் சேர்ந்தே கிடைக்கிறது. பழைய மோட்டாரின் கூடு நன்றாக இருந்தால் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றிப் போடுவதே என் கட்சி.

9. மோட்டார் நல்லது, பேட்டரி நல்லது, ஒரு "டக்"கோடு நிற்கிறது. டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பார். பல் சிக்கியிருந்தால் விடுபடும். சக்கரமே உருள மறுத்தால் இன்ஜின் இறுகியிருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் சாவியைத் தொடவே தொடாதே. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை சேலத்திலும் ஏற்காட்டிலும் கொட்டியதே, அதுபோன்ற நாட்களுக்குப் பிறகு வரும் வண்டிகளுக்கு இது சட்டம். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அமுக்க முடியாது. செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி, கையால் சுற்றி, தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

10. தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது கியர் வண்டிக்கு இருக்கும் வசதி. சாவி ஆனில், இரண்டாவது கியர், கிளட்ச் அமுக்கியபடி ஓடவிட்டு, வேகம் வந்ததும் வெடுக்கென விட்டு உடனே அமுக்கு. கார்புரேட்டர் வண்டி பிடித்துக்கொள்ளும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் பெட்ரோல் பம்ப்பே ஓடாது, தள்ளி வியர்ப்பதுதான் மிச்சம். 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலையிலோ, 20 வளைவு ஏற்காட்டிலோ இறக்கத்தில் இந்த வித்தை கூடாது. இன்ஜின் ஓடாமல் பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் இல்லை, பெடல் கல்லாக நிற்கும்.

பழைய அம்பாசிடருக்கு முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றும் வழியும் உண்டு. சுற்றினால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வை. எதிர்த்து உதைத்தால் விரல் ஒடியும். அந்த உதைக்குப் பயந்த காலத்தில்தான் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் செய்த மின்சார செல்ஃப் 1912 காடிலாக் காரில் ஏறியது.

11. வண்டி எடுத்துவிட்டது என்று சாவியைக் கொடுத்துவிடாதே. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் பண்ணவில்லை. நீ போட்ட புதுப் பேட்டரி சீக்கிரமே இறங்கும், ஓனர் திட்டுவது உன்னைத்தான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மைனஸ் கேபிளில் மீட்டரைத் தொடராகக் கொடுத்துப் பார். அப்படி மாட்டியிருக்கும்போது சாவியைத் திருகாதே, மீட்டர் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் எங்கோ கசிகிறது, ஒவ்வொரு ஃப்யூஸாகக் கழற்றிப் பிடி. மாற்றிய பழைய சாமானைக் காகிதத்தில் சுற்றி ஓனர் கையிலேயே கொடுத்துவிட்டு, பிறகு பில் போடு.